எடை மாறாத பொய்

செருப்புக் கம்பெனியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்லும் ஒரே இடம் கம்ப்யூட்டர் அறைதான். அங்கே ஏசி உண்டு. தரையில் பச்சைக் கம்பளம் உண்டு. 'தூசி கூடாது' என்று போர்டு உண்டு. உட்கார்ந்து கழற்ற ஒரு ஸ்டூல் மட்டும் கிடையாது. நான் வாசலில் ஒற்றைக் காலில் நின்று வலது பூட்ஸோடு மல்லுக்கட்டினேன். பூட்ஸ் ஜெயித்தது. சாய்கிற மனுஷன் கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பான். எனக்குக் கிடைத்தது சுவரில் இருந்த ஒரு சிவப்புக் கைப்பிடி. நல்ல பிடிமானம்தான். ஆனால் கீழே இறங்கிவிட்டது.

ஏசி நின்றது. விளக்கு அணைந்தது. மூலையில் பீரோ மாதிரி நின்றிருந்த கம்ப்யூட்டர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

அறைக்குள் இருந்த நாலு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில், சோளிங்கர் மலையடிவாரத்தில் ஒரு குரங்கு என் டிக்கெட் கட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அன்றைக்குப் பயணிகள் பார்த்த பார்வையை இந்தப் பார்வையோடு வேண்டுமானால் ஒப்பிடலாம்.

"தனகோடி," என்றார் கமலவேணி மேடம், குரலை உயர்த்தாமல். "இந்தக் கேஸ்ல நமக்கு இருந்த ஒரே சாட்சி அது. அதோட கழுத்தைத் திருகிட்டீங்க."

"செத்துப்போச்சா மேடம்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

இதுதான் மேடம். கேள்வி கேட்டால் பதிலுக்குக் கேள்விதான் வரும். தபால் இலாகாவில், ஆவி காட்டிப் பிரித்து மறுபடி ஒட்டிய கவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் காலம் தள்ளியவர். இப்போது வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். நான் அவருடைய உதவியாளன். கேஸ் இல்லாத நாளில் படிக்கட்டைப் பெருக்குவதும் நான்தான். கேஸ் இல்லாத நாள்தான் ஜாஸ்தி.

கம்ப்யூட்டர் அடங்கியதும் முதலாளி மக்பூல் அகமது அப்படியே கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார். அறுபது வயது, வெள்ளைத் தாடி, ஆம்பூரில் பாதிப் பேர் எழுந்து நின்று சலாம் வைக்கும் மனிதர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"மிச்சம் இருந்தது இது ஒண்ணு. இதுவும் போச்சு," என்றார்.

கதவோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த ஜெபராணியின் முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். காலையிலிருந்து அழாமல் இருந்த பெண் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். "மிஷினுக்குத் தெரியும் சார், நான் பண்ணலைன்னு. அதை ஏன் சார் நிறுத்துனீங்க?"

பூட்ஸ் இன்னும் என் காலில்தான் இருந்தது.

விஷயம் இதுதான். மக்பூல் அகமதுவின் கம்பெனியில் ஷூவின் மேல்தோலை வெட்டித் தைத்து ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள். அடிப்பாகத்தை அங்கே ஒட்டிக்கொள்வார்கள். எந்த சைஸுக்குத் தோலை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்பது கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாக இருக்கிறது. அது அச்சடித்துக் கொடுக்கிற அளவுக்குத்தான் கத்தி செய்வார்கள், கத்தி விழுகிற இடத்தில்தான் தோல் அறுபடும். போன லாட் முழுக்க அளவு குறைந்து போய்விட்டது. ஜெர்மனியில் கால் மாதிரி செய்து வைத்திருக்கும் மரக்கட்டைமேல் ஒரு மேல்தோல்கூட ஏறவில்லை. கப்பலில் போன சரக்கு கப்பலிலேயே திரும்பி வந்தது. அடுத்த ஆர்டர் ரத்து. கம்பெனிக் கதவுக்குப் பூட்டு வாங்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஃபைலைத் தொடும் உரிமை இரண்டே பேருக்கு. ஒருத்தி ஜெபராணி. இன்னொருவன் தணிகைவேல், குடியாத்தத்தில் கைலி நெய்யும் குடும்பத்துப் பையன், சென்னைக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்து வந்தவன். யார் எதை மாற்றினாலும் பெயரும் தேதியும் காரணமும் ஃபைலுக்குள்ளேயே பதிய வேண்டும் என்பது ஜெர்மன்காரன் நிபந்தனை. அளவைக் குறைத்த பதிவில் இருந்த பெயர், ஜெபா.

"நான் இல்லை" என்கிறாள் ஜெபராணி. போலீஸ் புகாரை எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார் மக்பூல் அகமது. சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும் நேரத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். அவளுடைய அம்மா ஜெபகனி, வேலூர் ஆஸ்பத்திரி நர்ஸ், டியூட்டி முடிந்த வெள்ளைப் புடவையோடு எங்கள் மாடியேறி வந்து அழைத்ததால்தான் நாங்கள் இங்கே. ஜெபகனியை கேட்டுக்குள் விடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரிந்தார், கேட் கம்பியைப் பிடித்தபடி.

மேடத்தின் யோசனை எளிமையானது. கவரைப் பிரித்து ஒட்டுவதுபோல், யாரோ அந்தப் பதிவைக் கையால் திருத்திப் பெயரை மாற்றியிருக்கலாம். அப்படித் திருத்தியிருந்தால் காட்டிக்கொடுக்க ஒரு வழி இருப்பதாகத் தணிகைவேலே சொல்லியிருந்தான். அதைப் பார்க்கத்தான் நாங்கள் உள்ளே வந்துகொண்டிருந்தோம். பிறகுதான் எனக்கும் பூட்ஸுக்கும் சண்டை வந்தது.

"பயப்படாதீங்க பாய், எழுப்பிடலாம்," என்று தணிகைவேல் கைப்பிடியை மேலே தள்ளினான். ஒல்லியான பையன். இரண்டு நாளாகத் தூங்காத கண். "ஆனா டிஸ்க்கை முழுசா ஒருவாட்டி பார்த்துட்டுத்தான் அது வாயைத் திறக்கும். கொஞ்சம் நேரம் ஆவும்."

நேரம்தான் எங்களிடம் கம்மி.

மேடம் எனக்குக் கண்ணைக் காட்டினார். அதன் அர்த்தம், சும்மா நிற்காதே, யாரையாவது விசாரி. நான் மக்பூல் அகமதுவைக் கைகொடுத்துத் தூக்கி வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். குறிப்பெடுக்கும் பேடைத் திறந்து மேலே பிள்ளையார் சுழி போட்டேன். சுழி போடாமல் நான் எதையும் எழுதியதில்லை. போட்டு எழுதியதும் விளங்கியதில்லை, அது வேறு.

வராந்தா முழுக்கத் திரும்பி வந்த மேல்தோல்கள் குவிந்து கிடந்தன. கறுப்பு, பழுப்பு, புதுத் தோலின் வாசனை. மக்பூல் அகமது ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"மூணு மில்லிமீட்டர். நானே அளந்தேன். கொசு றெக்கை அளவு. அதுல கவுந்துட்டேன்."

எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. எனக்கு வரும் சந்தேகங்களின் தரம் எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்டேன். "பாய், தப்பா நினைக்காதீங்க. இன்ஷூரன்ஸ் கிடைக்கும்னு நீங்களே மாத்திட்டீங்களா? ஆமாவா, இல்லியா?"

அவர் கோபித்துக்கொள்வார் என்று ஓர் அடி பின்னால் வைத்திருந்தேன். அவர் கோபிக்கவில்லை.

"தன் வூட்டுக்குத் தானே நெருப்பு வெச்சிக் குளிர் காயறவன் இருக்கான் தம்பி. ஆனா அவன் வூட்டுக்குள்ள உக்காந்து காயமாட்டான்." கட்டிங் ஹாலைக் கையால் காட்டினார். வேலை இல்லாமல் மேஜைகளுக்குப் பக்கத்தில் ஆட்கள் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். "இவங்க அப்பன்களும் என் அப்பாகிட்ட வேலை செஞ்சாங்க. நாளைக்குக் காலையில இவங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது, அதைச் சொல்லு."

இதிலும் ஆமாம் இல்லை, இல்லையும் இல்லை. ஆனால் எனக்குப் போதுமானதாக இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடி எடுக்கப் பையில் கைவிட்டபோது புகார்க் கடிதமும் சேர்ந்து வெளியே வந்தது. தலைப்பில் 786. அதற்குக் கீழே, 'ஜெபராணி என்ற பெண்'.

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு தம்பி," என்றார் திடீரென்று. "அதான் பேஜாராக்கீது."

உள்ளே கம்ப்யூட்டர் கண்விழித்திருந்தது. திரையில் பச்சை எழுத்துகள் ஓடின. எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம், பிரசவ வார்டு வாசலில் நிற்பதுபோல.

"ஃபைல் இருக்கு," என்றான் தணிகைவேல். எனக்கு உயிர் வந்தது. "இப்ப வால் போட்டுப் பார்த்துடலாம்."

"வாலா?"

"அந்தக் கட்டளையோட பேரு சார். ஃபைல் சுத்தமா இருக்கா, யாராவது கை வெச்சாங்களான்னு சொல்லிடும்."

"எப்படிப்பா அதுக்குத் தெரியும்?" என்றார் மேடம்.

தணிகைவேலின் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. தெரிந்த பாடத்தைக் கேட்டுவிட்டால் எந்த மாணவனுக்கும் வருவது. "ஒவ்வொரு எழுத்துக்கும் மிஷினுக்குள்ள ஒரு நம்பர் இருக்கு மேடம். ஃபைல்ல இருக்கிற எல்லா எழுத்தோட நம்பரையும் கூட்டி, மொத்தத்தை முதல் வரியில எழுதி வெச்சிருக்கும். முறைப்படி மாத்தினா மொத்தமும் தானா மாறிக்கும். திருட்டுத்தனமா உள்ள பூந்து ஒரு எழுத்தை மாத்தினாலும் கூட்டல் இடிக்கும். வால் கத்திடும்."

"இதே மாதிரி வால் ஒண்ணு எங்க பஸ் டெப்போல இருந்திச்சு," என்றேன் நான். அறையின் இறுக்கம் தாங்காமல்தான். "கேஷியர்னு பேரு. ஒரு நாளு திமிரி போறவருக்கு ஆற்காடு டிக்கெட்டையும் ஆற்காடு போறவருக்குத் திமிரி டிக்கெட்டையும் கைமாத்திக் குடுத்துட்டேன். பஸ்ல ரெண்டு பேரும் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டாங்க. சாயங்காலம் பையைக் கொட்டிக் கூட்டினா கணக்கு டாண்ணு நிக்குது! கேஷியர் எனக்கு சபாஷ் போட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. மேடம் மட்டும் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். என் ஜோக்குகளுக்கு அவர் வழக்கமாகப் பார்க்கும் பார்வை அல்ல அது.

தணிகைவேல் தட்டினான். ஒற்றை வரி. பட்டனை அழுத்தினான்.

திரையில் ஒன்றும் வரவில்லை. அடுத்த வரிக்குப் போய் ஒரு பச்சைக் கட்டம் மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது.

"என்ன சொல்லுது?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லலை சார்."

"அப்படின்னா?"

"தப்பு இருந்தாத்தான் பேசும். பேசலைன்னா ஃபைல் சுத்தம்." அவன் திரும்பி ஜெபராணியைப் பார்க்கவில்லை. கீபோர்டைப் பார்த்தே சொன்னான். "யாரும் கை வைக்கலை. பதிவு அசல்தான். ஸாரி ஜெபா."

பத்து வருஷமாக நான் கேள்வி கேட்கிற தொழிலில் இருக்கிறேன். மேடம் கேள்வியால் அடிப்பார், முதலாளி உவமையால் அடிப்பார். என்னை மௌனத்தால் அடித்தது இந்த இயந்திரம்தான். எந்தச் சாட்சியைக் கொன்றுவிட்டேன் என்று பதறினேனோ அது பிழைத்து எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் பெண்ணின் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டது. சிவப்புக் கைப்பிடி அங்கேயேதான் இருந்தது. மறுபடி சாயலாமா என்றுகூட நினைத்தேன்.

ஜெபராணி எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். மினுக்கும் கட்டத்தையே பார்த்தாள்.

"அப்ப... நான்தான் பண்ணேனா?"

"ஜெபராணி," என்றேன். "நேராச் சொல்லும்மா. நீ பண்ணியா, பண்ணலியா?"

"காலையில கேட்டிருந்தா பண்ணலைன்னு சொல்லியிருப்பேன் சார். இப்ப எனக்கே தெரியலை. அந்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல், தூக்கமே இல்லை. ஏதோ ஞாபகத்துல மாத்தித் தொலைச்சிட்டேனோ? மிஷின் பொய் சொல்லுமா சார்?" ஜன்னல் பக்கம் திரும்பினாள். கேட்டில் வெள்ளைப் புடவை அப்படியே நின்றது. "பாய், ஜீப்பு வர வேணாம் பாய். எங்கம்மா பார்க்கிற மாதிரி ஜீப்பு வர வேணாம்."

மக்பூல் அகமது கண்ணை மூடிக்கொண்டார். "நீயே உன் கையால ஒத்துக்கினு எழுதிக் குடுத்துடு பேட்டி, மகளே. நான் போலீஸை திருப்பி அனுப்பிடறேன். வேலைக்கு வராத. அவ்ளோதான். என்னால இதுக்கு மேல முடியலை."

"எழுதிக் குடுத்துடு ஜெபா. அதான் நல்லது," என்றான் தணிகைவேல் மெல்ல.

"சரிங்கண்ணா," என்றாள் அவள்.

வெள்ளைத் தாளைத் தணிகைவேல்தான் எடுத்துக் கொடுத்தான். எழுதத் தெரியாதவள்போல் பேனாவைச் சற்றுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளின் தலைப்பில் சின்னதாக ஒரு சிலுவை போட்டாள். அதற்குக் கீழே, 'ஐயா' என்று எழுதினாள். 'நான்' என்று எழுதினாள். ஒரு சொட்டு விழுந்து 'நான்' கலங்கியது.

மேடத்தைப் பார்த்தேன். மேடம் அவள் முகத்தையோ கண்ணீரையோ பார்க்கவில்லை. தாளின் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பேடின் தலைப்பைப் பார்த்தார். பிறகு முதலாளியின் பையிலிருந்து எட்டிப்பார்த்த கடிதத்தை.

"நிறுத்தும்மா," என்றார். "'நான்' வரைக்கும் சரி. அதுக்கு மேல எழுதாத. தம்பி, அந்தப் பதிவு முழுசையும் பேப்பர்ல அடிச்சுக் குடு. ஆரம்பத்துல இருந்து."

"முழுசுமா? எதுக்கு மேடம்? கடைசிப் பதிவுதானே..."

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. பேப்பர்னா பார்ப்பேன்."

மேடம் நூறடி தூரத்தில் பஸ் நம்பர் படிப்பவர். நான் வாயைத் திறக்கவில்லை.

பிரின்டர் கரகரவென்று கத்தி ஓரத்தில் ஓட்டை போட்ட தாளைத் துப்பியது. மேடம் அதை மேஜையில் விரித்தார். "தனகோடி, படிங்க. பேரும், அவங்க எழுதின காரணத்துல முதல்ல இருக்கிறதும் மட்டும் போதும்."

இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது, எல்லாம் ஆங்கில எழுத்து. நான் விரல் வைத்துப் படித்தேன். "தணிகை. முதல்ல ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்கு, அப்புறம் காரணம். அடுத்தது ஜெபா. கூட்டல் குறி, அப்புறம் காரணம். தணிகை, ரெண்டு. தணிகை, ரெண்டு. ஜெபா, கூட்டல் குறி..."

"கூட்டல் குறி இல்லை சார்," என்றாள் ஜெபராணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சிலுவை. அதுல அப்படித்தான் வரும்."

மேடம் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"தம்பி," என்றார் மேடம், "உங்க ரெண்டு எது?"

தணிகைவேல் கீபோர்டுக்குக் குனிந்துகொண்டான். நான் என் பேடைப் பார்த்தேன். தலைப்பில் என் பிள்ளையார் சுழி. கொம்பு சுருண்டு, வாலை நீட்டி, அசப்பில் அப்படியே ஓர் ஆங்கில இரண்டு. தமிழ் தெரியாத இயந்திரத்தில் பிள்ளையாருக்கு வேறு எந்தப் பட்டன்?

"எல்லாரும் எதையாவது போட்டுட்டுத்தான் ஆரம்பிக்கிறோம்," என்றார் மேடம். "பாய்க்கு எழுநூத்தி எண்பத்தாறு. தனகோடிக்குச் சுழி. அது நாம எழுதறது இல்லை, கை எழுதறது. இப்ப அளவைக் குறைச்ச பதிவைப் படிங்க."

"பேரு ஜெபா. ஆரம்பத்துல..." நிறுத்தினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். "ரெண்டு. 'ரெண்டு, மடிப்புக்கு விட்ட அளவு கழிக்கப்பட்டது.'"

"ரெண்டு மில்லிமீட்டர் கழிச்சதா அர்த்தம்மா," என்றார் மக்பூல் அகமது. "நாங்க அப்படித்தான் படிச்சோம்."

"பாய், குறைஞ்சது எவ்வளவு? நீங்கதானே அளந்தீங்க?"

"மூணு," என்றார்.

"தனகோடி, அதுக்கு முந்தின பதிவு?"

"பேரு தணிகை. ஆரம்பத்துல சிலுவை. 'கலர் நம்பர் சேர்க்கப்பட்டது.'"

"கலர் நம்பர் சேர்த்தது நான்!" என்றாள் ஜெபராணி. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "பழுப்புக் கலருக்கு நம்பர் விட்டுப்போச்சுன்னு நான்தான் சேர்த்தேன். அதுல எப்படி அண்ணா பேரு?"

"முழுத் தாளுலயும் சிலுவை உன்னோடது, ரெண்டு தம்பியோடது. இந்த ரெண்டு வரியில மட்டும் பேரு இடம் மாறி உக்காந்திருக்கு," என்றார் மேடம்.

"ஆனா வால்..." தணிகைவேலின் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. "வால் சுத்தம்னு சொல்லிச்சே மேடம்."

"அது எங்க சொல்லிச்சு? அது ஒண்ணுமே சொல்லலை. நீதான் சொன்ன." மேடம் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். "அது கூட்டல்தானே போடுதுன்னு நீயே விளக்கினியேப்பா. கூட்டல்ல எது முன்னாடி எது பின்னாடின்னு யாரு பார்க்கிறா? புதுசா ஒரு எழுத்தைச் சேர்த்தா மொத்தம் இடிக்கும். இருக்கிற ரெண்டு பேரை இடம் மாத்தி வெச்சா மொத்தம் அப்படியே நிக்கும். திமிரிக்காரன் கையில ஆற்காடு டிக்கெட், ஆற்காட்டுக்காரன் கையில திமிரி டிக்கெட். பையில கணக்கு சரி. கேஷியர் சபாஷ் போடுவாரு."

என் ஜோக் ஒன்றுக்கு உபயோகம் வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட முடியவில்லை. அந்தப் பையனின் முகம் அப்படி இருந்தது.

"பேரை மாத்தத் தோணின உனக்கு, அந்தச் சுழியையும் சிலுவையையும் மாத்தத் தோணலை," என்றார் மேடம், கடுமையில்லாமல். "அதுக்கும் வால் கத்தியிருக்காது. ஆனா அது உன் கண்ணுக்கே படலை. பிறந்ததுல இருந்து போட்ட சுழியை யாருப்பா படிச்சுப் பார்க்கிறான்?"

மக்பூல் அகமது எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தணிகைவேலின் தோளில் கை வைத்து, அவனைத் தன் பக்கம் திருப்பி, முகத்தைத் தேடினார். "உன்னைய நான் என் செலவுல படிக்க வெச்சேனே பேட்டா," என்றார். அவ்வளவுதான். கையை எடுத்துக்கொண்டார்.

"அண்ணா," என்றாள் ஜெபராணி. அவளுக்கு இன்னும் கோபம் வரவில்லை. புரியாத மாதிரிதான் நின்றாள். "காலையில நான் சாப்பிடலைன்னு நீங்கதானே டீயும் பன்னும் வாங்கியாந்து குடுத்தீங்க?"

தணிகைவேல் எதையோ சொல்ல ஆரம்பித்தான். "யாரு வேணா என் பாஸ்வேர்டை..." என்றான். "ஜெர்மன்காரன் டெலெக்ஸுலயே..." என்றான். எதுவும் முடிவுக்கு வரவில்லை. தெருவில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்து, அஸர் பாங்கு ஆரம்பித்தது. கேட் பக்கம் ஜீப் ஒன்று வந்து நிற்கும் சத்தம். முதலாளி ஜன்னலைப் பார்த்தார், பையிலிருந்த கடிதத்தைத் தொட்டார், மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார்.

கண்ணைக் காட்டவில்லை. தலையை மட்டும் லேசாக அசைத்தார். நீங்க கேளுங்க.

நான் பூட்ஸ் காலோடு பச்சைக் கம்பளத்தில் நடந்து போய் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு கேட்க எனக்கு மனசு வரவில்லை. என் தம்பி வயசுதான் இருக்கும்.

"தணிகை, காலையில இருந்து எல்லாரையும் நேராக் கேட்டுப் பார்த்துட்டேன்பா. மேடம் கேள்வியைத் திருப்பிக் குடுத்தாங்க. பாய் நெருப்புக் கதை சொன்னாரு. இந்தப் பொண்ணு, தான் பண்ணாத தப்பையே பண்ணேனோன்னு என்னைக் கேக்குது. மிஷின் வாயே திறக்கலை. வெளியில இன்ஸ்பெக்டர் இறங்கறாரு, கேட்டுல இதோட அம்மா நிக்கிறாங்க. எனக்குப் பெரிய விளக்கம்லாம் வேணாம். ஒரு வார்த்தை போதும். யாருப்பா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. மேஜையில் ஜெபராணி பாதியில் விட்ட தாளைப் பார்த்தான். சிலுவை, 'ஐயா', கலங்கிப்போன 'நான்'. அதை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தான்.

"நான்தான் சார்," என்றான். "தப்பா கழிச்சது நான். சரக்கு திரும்பி வந்ததும் பயந்துபோய்ப் பேரை மாத்தினதும் நான். ஜெபா ஒண்ணும் பண்ணலை."